சிகரத்தைக் கணக்கிட்ட சிக்தார்

சிம்பாங் பூலாயிலிருந்து நாம் ஏறிச் செல்லும் கேமரன் மலை, 1885-இல் அப்பகுதியை அளக்கச் சென்ற வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கும் நில அளவை அதிகாரி ஒருவரின் பெயரே சூட்டப்பட்டது. ஆனால், அதன் உயரத்தைக் கணக்கிட்டதில் முதன்மைப் பங்கு இராதாநாத் சிக்தார் என்ற வங்காள அறிஞருக்கு உரியது.

1813-இல் கல்கத்தாவில் பிறந்த சிக்தார், அங்குள்ள இந்துக் கல்லூரியில் பயின்றார். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைப் பணியில், 1831-இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கராகச் சேர்ந்தார். அப்போதைய தலைமை அதிகாரி ஜார்ஜ் எவரெஸ்ட் அவரது கணிதத் திறனைப் பெரிதும் மதித்தார்.

அறிவோடு நெஞ்சுரமும் அவரிடம் இருந்தது. 1843-இல் டேராடூனில், மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட் அளவைத் துறைத் தொழிலாளர்களைத் தம் மூட்டைகளைச் சுமக்கக் கட்டாயப்படுத்தியபோது, சிக்தார் எதிர்த்து நின்றார். அதற்காக 200 ரூபாய் அபராதம் கட்டினார். துரையின் சொல்லே சட்டமாக இருந்த தோட்டப்புறங்களில் உழைத்த நம் முன்னோர், இத்தகைய துணிவின் விலையை நன்கறிவர்.

அக்காலத்தில் நேப்பாளத்துக்குள் அளவையாளர்கள் நுழைய முடியவில்லை. ஆகவே, நூறு மைலுக்கும் அப்பால் சமவெளியில் இருந்தே பதினைந்தாம் எண் சிகரத்தை அளந்தனர். ஒளி காற்றில் வளைவதால் ஏற்படும் பிழையையும் நீக்கியாக வேண்டும். 1852 வாக்கில் சிக்தாரின் கணக்கு அதுவே மிக உயர்ந்தது என்று காட்டியது. 1856-இல் ஆண்ட்ரூ வாக் 29,002 அடி என அறிவித்து, தமக்கு முன்னிருந்த எவரெஸ்டின் பெயரையே இட்டார். 2020-இல் அறிவிக்கப்பட்ட உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் இடையே வேறுபாடு சுமார் 30 அடிதான்! சாகர்மாதா என்று நேப்பாளியர் அழைக்கும் அச்சிகரம், 1976 முதல் அதே பெயருடைய தேசியப் பூங்காவினுள் பாதுகாக்கப்படுகிறது.

சிக்தார் 1870-இல் மறைந்தார். நில அளவைக் கையேட்டின் 1851-ஆம் ஆண்டுப் பதிப்பு அவரது பங்களிப்பை நன்றியுடன் குறிப்பிட்டிருந்தது. 1875-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அந்நன்றியுரை நீக்கப்பட்டது. பின்னர், 2004-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

1997 மே 23-இல் நம் நாட்டின் மகேந்திரனும் மோகனதாசும் அச்சிகரத்தில் மலேசியக் கொடியை நாட்டியபோது நாம் பெருமிதம் கொண்டோம். அவர்கள் தொட்ட உயரத்தை எண்ணால் முதலில் தொட்டவர் சிக்தார். நாளை ஆய்வேடு எழுதப்போகும் நாம், உடன் உழைத்தவர் அனைவரின் பெயரையும் மறவாமல் பதிப்போம். அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.