பனமரம் வீரர் தலக்கல் சந்து

முதலமடையிலிருந்து பறம்பிக்குளத்துக்கு பஸ் ஏறிப் போவதானால், புறப்படுகிற ஊரும் போய்ச் சேருகிற ஊரும் கேரளம். இடைப்பட்ட வழி மட்டும் தமிழ்நாடு. ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பறம்பிக்குளமோ முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த இடம். அங்கே குடியிருக்கும் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய மலைமக்கள் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு காகிதம் வாங்க வேண்டுமானாலும் மாநில எல்லையை இரண்டு தடவை தாண்டி வந்தாக வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டு காந்தி ஜயந்தி அன்று அவர்கள் தாங்களே காட்டுக்குள் பாதை வெட்டத் தொடங்கிய செய்தி வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தப் பறம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம் நிற்கிறது. ஐந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும் என்பார்கள். முன்னொரு காலத்தில் அதை வெட்டக் கோடரி போட்டபோது மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டதாகவும், அன்று முதல் கன்னித் தெய்வமாக வணங்கி வருவதாகவும் மலைமக்கள் கதை சொல்கிறார்கள். மத்திய அரசு அந்த மரத்துக்கு மகாவிருட்ச விருதும் கொடுத்திருக்கிறது. மரத்துக்குப் பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது, விருதும் இருக்கிறது. மரத்தைக் காத்த மனிதர்களின் பெயர்தான் இல்லை. இடுக்கிப் பக்கம் போனால், மலைத் தலைவன் ஒருவனின் பெயரே கண்ணன் தேவன் மலைக்கு வந்தது என்று ஒரு வழக்கு உண்டு. அந்தப் பெயரும் தேயிலைப் பொட்டலத்தின் மேல்தான் நிலைத்திருக்கிறது.

கேரள மலைகளில் பிறந்து, வெள்ளைக்காரனை எதிர்த்து நின்று, சரித்திர ஏட்டில் சொந்தப் பெயரோடு இடம்பெற்றவர்கள் மிகச் சிலரே. அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வயநாட்டுத் தலக்கல் சந்து. 2009இல் வெளியான ‘பழசி ராஜா’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். நமது சரத்குமார் அதில் எடச்சேன குங்கனாக வந்தார் அல்லவா? அந்தக் குங்கனின் பக்கத்தில் வில்லோடு நின்றவர்தான் சந்து. மனோஜ் கே. ஜெயன் அந்த வேடத்தில் நடித்தார். சினிமா சொன்னது போக, மீதியை இங்கே பார்ப்போம்.

குறி வைப்பவர்கள்

சந்து குறிச்சியர் குலத்தில் பிறந்தவர். குறி வைப்பவன் என்பதே குறிச்சியன் ஆயிற்று என்று அவர்கள் விளக்கம் சொல்வார்கள். நமது காதுக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. வேட்டுவ மன்னரை அடக்குவதற்காகக் கோட்டயம் அரசர் சமவெளியிலிருந்து அனுப்பிய வீரர்களே தங்கள் முன்னோர் என்றும், போர் முடிந்து திரும்பியபோது நெடுநாள் காட்டில் இருந்துவிட்டார்கள் என்று சொந்தச் சாதி அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததால் மலையிலேயே தங்கிவிட்டார்கள் என்றும் ஒரு பழங்கதை உண்டு. (இது வடமலபாரில் உள்ள கோட்டயம். தெற்கே ரப்பர் விளைகிற கோட்டயம் வேறு.)

முற்றத்தைச் சுற்றி வீடுகள் கட்டி, தாய்வழிக் கூட்டுக்குடும்பமாக வாழ்வது அவர்கள் வழக்கம். அந்தக் குடியிருப்புக்கு மிற்றம் என்று பெயர். மூத்த ஆண்மகன் தலைவன். அவனுக்குப் பிறகு வருவது மருமகன் முறை. விளைச்சல் பொதுக் களஞ்சியத்தில் சேரும், உலையும் பொது. மலைச்சரிவில் காட்டைத் திருத்திப் புனம் போடுவதிலும் வயலில் நெல் விளைவிப்பதிலும் கைதேர்ந்தவர்கள். மலக்காரி என்ற வேட்டைக் கோலத்துச் சிவனை வணங்குவார்கள். துலாம் மாதம் பத்தாம் நாள், அதாவது நமது ஐப்பசி பத்தாம் தேதியை ஒட்டி, வில்லை எடுத்துக்கொண்டு எல்லோரும் வேட்டைக்குப் புறப்படுவது பெரிய சடங்கு. துலாப்பத்து என்று அதற்குப் பெயர். மூங்கில் வில், ஓசையில்லாத அம்பு, கண் பிசகாத குறி — இவையே அவர்கள் சொத்து.

மலைமக்கள் என்றதும் எல்லாம் சமத்துவம் என்று நினைத்துவிடக் கூடாது. குறிச்சியர் மலைச் சாதிகளுக்குள் தாங்களே உயர்ந்தவர்கள் என்று கருதினார்கள். தீண்டினால் குளிக்கும் வழக்கத்தை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள். பக்கத்திலேயே பணியர்கள் அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கால வயநாடு கண் முன்னே வரும்.

ஒரு படி நெல்

1792இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் கும்பினியார் கைக்கு வந்தது. 1799இல் திப்பு மறைந்த பிறகு, வயநாடும் தங்களுக்கே என்று கும்பினியார் சொந்தம் கொண்டாடினார்கள். கோட்டயம் அரச குடும்பத்தைச் சேர்ந்த கேரளவர்மா பழசி ராஜா அதை ஒப்புக்கொள்ளவில்லை. முன்பே 1797இல் பேரியா கணவாயில் மேஜர் கேமரோனின் படையைச் சின்னாபின்னமாக்கியவர் அவர். இரண்டாவது யுத்தம் மூண்டதும் காட்டுக்குள் சென்று குறிச்சியரையும் குறும்பரையும் துணை கொண்டார். எதிரே நின்ற தளபதி யார் தெரியுமா? பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை முறியடித்த வெல்லிங்டன் பிரபுவேதான். அப்போது கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி.

வெல்லெஸ்லி காட்டுக்குள் சாலைகள் போட்டார். காவல் நிலைகள் அமைத்தார். ராஜாவுக்கு அரிசியும் ஆளும் போகாமல் வழிகளை அடைத்தார். ராஜாவின் முக்கியத் துணைவர்களில் ஒருவரான கண்ணவத்து சங்கரன் நம்பியார் 1801இல் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். எல்லாம் அடங்கிவிட்டது போலத்தான் 1802இல் தோன்றியது.

அந்தச் சமயத்தில், கும்பினியாரின் கோல்காரன் ஒருவன் ஒரு குறிச்சியன் வீட்டில் வந்து நின்று, நெல் கொடு என்று அதிகாரம் செய்தான். கோல்காரன் என்றால் இடுப்பில் வார்ப்பட்டை கட்டிய சேவகன். வரி வசூலும் அவனே, போலீசும் அவனே. அங்கே எடச்சேன குங்கன் இருந்தார். பழசி ராஜாவின் படைத்தலைவர் அவர். சேவகன் திரும்பிப் போகவில்லை. குங்கன் கையால் அங்கேயே மாண்டான். சுற்று வட்டாரக் குறிச்சியர் எல்லோரும் வில்லோடு திரண்டு வந்தார்கள். திரட்டி வந்தவர் சந்து.

ஒரு படி நெல்லுக்கு இத்தனை ஆத்திரமா என்று கேட்கலாம். அந்த நெல் பொதுக் களஞ்சியத்து நெல். மழைக்காலம் முழுவதும் ஒரு குடும்பத்துக்கு உயிர். அதை எவனோ ஒருவன் முற்றத்தில் நின்று கேட்பது அவர்களுக்குப் பிச்சையும் அல்ல, வரியும் அல்ல, கொள்ளைதான். கடல்களுக்கு அப்பால் அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. 1607இல் வர்ஜினியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை நிறுவிய ஆங்கிலேயர், அங்கிருந்த அல்கோன்கிய மொழிக் குடிகளான பவ்ஹாட்டன் மக்களிடம் முதலில் பண்டமாற்றாகவும், பிறகு துப்பாக்கி முனையிலும் மக்காச்சோளம் வாங்கினார்கள். மலபாருக்கு வந்தவர்களும் அந்தத் தேசத்தாரே. தானியம் மட்டும் வேறு.

பனமரம்

பனமரம் வயநாட்டின் நடுவே, ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்கிருந்த காவல் கோட்டையில் கேப்டன் டிக்கின்சன், லெப்டினன்ட் மாக்ஸ்வெல் ஆகிய இரு அதிகாரிகளின் கீழ் பம்பாய்க் காலாட்படையைச் சேர்ந்த 70 சிப்பாய்கள் இருந்தார்கள். 1802 அக்டோபர் 11 அன்று குங்கனும் சந்துவும் ஏறக்குறைய 150 வில்லாளிகளோடு அதன்மேல் பாய்ந்தார்கள்.

முதலில் வாசலில் நின்ற காவல்காரனைப் பிடித்தார்கள். அவன் துப்பாக்கியைப் பறித்து அவனையே வீழ்த்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஆயுதம் எடுத்து அணிவகுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்காலத்துத் துப்பாக்கியில் மருந்திட்டுக் கெட்டித்து ஒரு குண்டு சுடுவதற்குள், பழகிய கை பல அம்புகளை விட்டுவிடும். நேருக்கு நேர் மைதானத்தில் நின்றால் துப்பாக்கிக்கே வெற்றி. திடீரென்று, கைக்கெட்டும் தூரத்தில் என்றால் வில்லுக்கே வெற்றி. சந்துவுக்கு இது தெரிந்திருந்தது. அதிகாரிகள் இருவரும் கொல்லப்பட்டார்கள், காவற்படை அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளும், 6 பெட்டி வெடிமருந்தும், கஜானாப் பணமும் குறிச்சியர் வசமாயின. கட்டடங்களுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள்.

சில மைல் தொலைவில் புளிஞ்ஞாலில் இதைவிடப் பெரிய கும்பினிப் படை ஒன்று முகாமிட்டிருந்தது. அது இடத்தை விட்டு அசையவில்லை! இதைக் கேட்டு வெல்லெஸ்லி கொதித்துப்போனார். மைசூரிலிருந்து புதிய படை அனுப்ப வேண்டியதாயிற்று. குங்கன் புல்பள்ளிக் கோயிலில் இருந்துகொண்டு ஆள் திரட்டினார். மூவாயிரம் பேர் வரை கூடினார்கள். ஒரு கோட்டை எரிந்ததில் அடங்கிக்கிடந்த வயநாடு முழுவதும் மறுபடி எழுந்துவிட்டது. சமவெளியிலும் கலெக்டர் மக்லியோட் நிலவரியை ஏகமாக உயர்த்திவிட்டு, 1803இல் கலகத்துக்கு நடுவே பதவியை விட்டுப் போனார். அந்த ஆண்டே வெல்லெஸ்லியும் மராட்டிய யுத்தத்துக்குப் போய்விட்டார். வயநாட்டை அடக்கிய பெருமை அவருக்குக் கிடைக்கவில்லை.

கடைசி மூன்று ஆண்டுகள்

அதை முடித்தவர் ராணுவத்தார் அல்லர். 1804இல் தலச்சேரிக்கு சப்-கலெக்டராக வந்த தாமஸ் ஹார்வி பேபர் என்பவர். பட்டாளத்தை மட்டும் நம்பாமல், நாட்டின் வழிகளை அறிந்த கோல்காரர் படையைக் கொண்டு வேட்டையைத் தொடங்கினார். ராஜாவின் தலைக்கும் துணைவர்களின் தலைக்கும் விலை வைத்து அறிவிப்பு வந்தது. உணவு கொடுத்தவர்களும் சேதி சொல்லாதவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். இப்படி ஊரையும் காட்டையும் பிரித்துவிட்ட பிறகு காட்டில் இருப்பவன் எத்தனை நாள் தாங்குவான்? மூன்று மழைக்காலம் தாங்கினார்கள் என்பதே ஆச்சரியம்.

1805 நவம்பரில் சந்து பிடிபட்டார். 15ஆம் தேதி, அவர் வென்ற அதே பனமரத்தில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கோட்டையருகே நின்ற கோளி மரத்தடியில் என்பது ஊர் வழக்கு. பூ வெளியே தெரியாமல் காய்க்கும் ஆல், அத்தி வகை மரங்களைத் தமிழிலும் கோளி என்றே சொல்வோம். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 30 அன்று, புல்பள்ளிக்கு அருகே மாவிலத்தோட்டில் பழசி ராஜாவும் உயிர் நீத்தார். குங்கன் எதிரி கையில் அகப்பட விரும்பாமல் தாமே உயிரை மாய்த்துக்கொண்டார்.

ராஜாவின் உடலைப் பேபர் தமது பல்லக்கிலேயே ஏற்றி மானந்தவாடிக்கு அனுப்பி, உரிய மரியாதையோடு தகனம் செய்ய வைத்தார். எதிரியானாலும் அரசர் அல்லவா! சந்துவுக்கு அந்த மரியாதை கிடைத்ததாக யாரும் சொல்வதில்லை. இந்த வேற்றுமை அமெரிக்காவில் இல்லை. அங்கே அரசனுக்கும் மரியாதை கிடையாது. 1620இல் வந்திறங்கிப் பட்டினியில் வாடிய ஆங்கிலேயருடன் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டவர் வாம்பனோக் தலைவர் மாசசாயிட். அவர் மகன் மெட்டாகொம், நிலமெல்லாம் பறிபோவதைப் பொறுக்காமல் 1675இல் போர் தொடுத்தார். 1676 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அவர் தலை பல ஆண்டுக்காலம் பிளிமத்தில் கழியில் செருகி வைக்கப்பட்டிருந்தது. மகன் அடிமையாக விற்கப்பட்டான்.

சந்துவைப் பற்றி எழுதி வைத்தவர்கள், அவரைப் பிடிக்க வந்தவர்கள்தான். அவர்களின் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் அவர் ஒரு கலகக்காரர். அவருடைய குலத்தார் எழுதவில்லை. ஆனால் ஏழு ஆண்டு கழித்து வேறு விதமாகக் காட்டினார்கள். நெல்லாகக் கொடுத்துவந்த வரியைப் பணமாகக் கேட்டது, ஆயுதத்தைப் பறித்தது, கோல்காரரின் கொடுமை எல்லாம் சேர்ந்து, 1812 மார்ச் 25 அன்று குறிச்சியரும் குறும்பரும் மீண்டும் எழுந்தார்கள். ராமன் நம்பி தலைமை தாங்கினார். இந்தத் தடவை அவர்களை நடத்த அரசரும் இல்லை, நாயர் பிரபுக்களும் இல்லை. மானந்தவாடியிலும் சுல்தான் பத்தேரியிலும் இருந்த கும்பினிப் படைகளை முற்றுகையிட்டார்கள். மைசூரிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் படைகள் வந்து மே மாதம்தான் அடக்க முடிந்தது. பழசியின் யுத்தத்தை ராஜாவின் யுத்தம் என்றே சொல்லிவருகிறோம். ராஜா போன பிறகும் நடந்த யுத்தத்தைப் பார்த்தால், அது யாருடைய யுத்தம் என்பதில் நமக்குச் சந்தேகம் வருகிறது.

பனமரத்தில் சந்துவுக்கு நினைவு மண்டபம் எழுப்ப 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2012இல்தான் அது திறக்கப்பட்டது. கோளி மரம் அங்கே இருக்கிறது, கோட்டை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் குறிச்சியர் சுமார் 35,000 பேர். வில்வித்தை இன்னும் மறக்கப்படவில்லை. கூட்டுக்குடும்பங்கள் பெரும்பாலும் பிரிந்துவிட்டன.

மானந்தவாடிக்கு அருகே கம்மனையில் செறுவயல் ராமன் என்ற குறிச்சிய விவசாயி இருக்கிறார். வயநாட்டின் பழைய நெல் வகைகளில் 50க்கு மேற்பட்டவற்றை ஆண்டுதோறும் விதைத்து, அழியாமல் காத்து வருகிறார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விதை கேட்டு வருகிறவர்களிடம் அவர் காசு வாங்குவதில்லை. அறுவடை முடிந்ததும், வாங்கிய அளவு நெல்லைத் திருப்பிக் கொண்டுவந்து அளந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.