ஏட்டைத் திறந்து பார்த்தவர்கள்

பெங்களூரு மாநகரின் நடுவே, விசுவேசுவரையா மெட்ரோ நிலையத்தின் அருகில், சென்ட்ரல் கல்லூரியின் பழைய கட்டடம் நிற்கிறது. 1911ஆம் ஆண்டில் அக்கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர் எம். டி. நாராயண ஐயங்கார். இந்தியக் கணிதக் கழகம் நடத்திய இதழின் ஆசிரியரும் அவரே. அவ்விதழுக்கு வந்த ஒரு கட்டுரை அவரைத் திகைக்க வைத்தது. அதிலிருந்த முடிவுகள் புதியவை. ஆனால், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எவ்வாறு செல்வது என்பது தெளிவாக விளங்கவில்லை. அதை எழுதியவர், கல்லூரித் தேர்வில் தோல்வியுற்ற ஓர் ஏழை இளைஞர். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

இளமைப் பருவம்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருடைய தந்தை துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதி வந்தார். மூன்று வயது வரை இராமானுஜன் மிகுதியாகப் பேசவில்லை. வீட்டிலுள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களை எடுத்து, ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை வரிசையாக அடுக்குவார். விரும்பிய உணவு கிடைக்காவிட்டால் மண்ணில் விழுந்து புரளுவார். இவற்றைக் கண்ட பெற்றோர் கவலையுற்றது இயல்பே.

பள்ளியில் அவர் கணிதத்தில் முதன்மை பெற்றார். பதினாறாம் வயதளவில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளைக் கொண்ட அந்நூலில் விளக்கங்கள் மிகக் குறைவு. இராமானுஜன் ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். அதன்பின் அவர் உள்ளம் கணிதத்தைத் தவிர வேறெதிலும் நிலைகொள்ளவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பிற பாடங்களில் தோல்வியுற்றார்.

பலகையும் முழங்கையும்

அந்நாளில் காகிதத்தின் விலை அவருக்கு எட்டாததாக இருந்தது. ஆகவே, அவர் கற்பலகையில் கணக்கிட்டார். துணியை எடுத்துத் துடைக்கும் நேரத்தையும் வீணாக்க விரும்பாமல், முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதினார். அதனால் அவருடைய முழங்கை கறுத்துத் தடித்தது. கிடைத்த முடிவை மட்டும் ஏட்டில் எழுதிக்கொண்டார். வழிமுறைகள் பலகையோடு அழிந்தன. பிறர் கண்ணுக்கு அழுக்காகத் தோன்றிய முழங்கைக்கும், புரியாததாகத் தோன்றிய எழுத்துக்கும் காரணம் ஒன்றே.

வேலை தேடிப் புறப்பட்ட இராமானுஜன், 1910ஆம் ஆண்டில் நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். குள்ளமான, பருத்த உடல், மழிக்கப்படாத முகம், தூய்மை குறைந்த உடை, அக்குளில் ஒரு பழைய ஏடு. ராவின் கண்ணில் முதலில் பட்டவை இவையே. எனினும், இளைஞரின் கண்களில் இருந்த ஒளியையும் அவர் கவனித்தார். ஏட்டில் இருந்தது அவருக்கு உடனே விளங்கவில்லை. ஆயினும், அவர் கதவை அடைக்காமல் மீண்டும் மீண்டும் வரச்செய்து கேட்டார். இறுதியில் இராமானுஜனின் ஆற்றலை உணர்ந்து, மாதந்தோறும் 25 ரூபாய் அளித்து உதவினார்.

பெங்களூரில் கிடைத்த பொறுமை

நாராயண ஐயங்காரும் அவ்வாறே நடந்துகொண்டார். கட்டுரை தெளிவாக இல்லை என்பதற்காக அவர் அதனை ஒதுக்கிவிடவில்லை. விளக்கம் வேண்டிய இடங்களைச் சுட்டித் திருப்பி அனுப்பினார். மும்முறை அக்கட்டுரை இருவருக்கும் இடையே சென்று வந்தது. முடிவில், பெர்னோலி எண்களைப் பற்றிய அக்கட்டுரை 1911ஆம் ஆண்டு இதழில் வெளிவந்தது. உலகறிந்த கணித மேதையின் முதல் ஆய்வுக் கட்டுரை அதுவே.

கடல் கடந்த வாழ்வு

1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜன், தம் முடிவுகளை இங்கிலாந்துக்கும் எழுதி அனுப்பினார். அவற்றைப் பெற்ற அறிஞர் இருவர் ஊக்கம் அளிக்கவில்லை. 1913ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய மடலை ஹார்டி என்னும் பேராசிரியர் படித்தார். முதலில் ஐயுற்ற அவர், தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து அதன் உயர்வை அறிந்தார். 1914இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கும் அவருடைய பழக்கங்கள் பிறருக்கு வியப்பளித்தன. காலணி அவர் கால்களுக்குப் பொருந்தவில்லை. அறையில் செருப்பையே அணிந்தார். கம்பளிகள் மெத்தையோடு செருகப்பட்டிருப்பதை அறியாமல், அவற்றின்மேல் படுத்துக் குளிரில் நடுங்கினார். மகலனோபிஸ் என்னும் இந்திய மாணவர் நகைக்காமல், கம்பளிக்குள் படுக்கும் முறையைக் காட்டினார். ஒருமுறை தாமே சமைத்து விருந்தளித்தபோது, விருந்தினர் இரசத்தை மூன்றாம் முறை வாங்க மறுத்தனர். இராமானுஜன் ஒன்றும் கூறாமல் வெளியேறி, நான்கு நாள்கள் திரும்பவில்லை. வெளியே தெரியாத வருத்தம் அவர் உள்ளத்தில் அவ்வளவு ஆழமாக இருந்தது.

1918ஆம் ஆண்டில் அவர் இராயல் கழக உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பியவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

நாம் உணர வேண்டுவது

மூளை இயங்கும் முறை எல்லார்க்கும் ஒன்றாக அமைவதில்லை. ஆட்டிசம் போன்ற வேறுபாடு உடையவர்களுள் சிலர் பிறர் கண்களை நோக்கிப் பேசமாட்டார்கள். சிலர் உடலை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். சிலர் பொருள்களை வரிசைப்படுத்துவதில் அமைதி காண்பார்கள். இதனைச் செருக்கென்றும் முரட்டுத்தனமென்றும் பலர் பிழையாகக் கருதுகின்றனர். இராமானுஜனுக்கும் அத்தகைய வேறுபாடு இருந்ததென இன்று யாரும் உறுதியாகக் கூற இயலாது. ஆனால், தோற்றத்தையும் பழக்கத்தையும் கொண்டு மனிதரை எடைபோடும் பார்வையை அவரும் எதிர்கொண்டார். வேறுபட்ட மனிதர் எல்லாரும் மேதையாக இருக்கவேண்டும் என்பதில்லை. மேதையாயினும் அல்லராயினும், பொறுமையோடு அறியப்படும் உரிமை அனைவர்க்கும் உண்டு.

வினாக்கள்

1. நாராயண ஐயங்கார் இராமானுஜனின் கட்டுரையை ஏன் திருப்பி அனுப்பினார்?
2. இராமானுஜனின் முழங்கை கறுத்ததற்கும் அவருடைய எழுத்து விளங்காமைக்கும் உரிய காரணம் யாது?
3. மகலனோபிஸின் செயலிலிருந்து நீ அறிவது என்ன?
4. உன் வகுப்பில் யாரோடும் பேசாமல் தனித்திருக்கும் மாணவர் ஒருவரோடு நீ எவ்வாறு பழகுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.