நகருக்கு வரம்பு கட்டிய கவர்னர்

பட்டணங்கள் பெருகுவது இயல்பு. ஆனால் அவை கட்டுக்கடங்காமல் பெருகுமாயின், தமக்குச் சோறிடும் வயல்களையே விழுங்கிவிடும். இவ்வுண்மையைத் தம் ஜனங்களுக்கு எடுத்துரைத்து, அதைச் சட்டமாக்கி, அச்சட்டத்தைக் காப்பதற்குத் தம் ஆயுளின் கடைசி மாதங்களையும் செலவிட்டவர், ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாகாணக் கவர்னராயிருந்த டாம் மக்கால். அவர் காலமாகி நாற்பது வருஷங்களுக்கு மேலாகின்றன. பொதுக்காரியங்களில் ஈடுபட்டோர் அவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் நலமென்று கருதி, அதைச் சுருக்கமாக இங்கே கூறுகிறோம்.

மக்கால் 1913-ம் வருஷம் மார்ச்சு 22-ந் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் அம்மாகாணத்தின் கவர்னராயிருந்தவர். தாய்வழிப் பாட்டனார் தாமிர வியாபாரத்தில் கோடிகளைச் சேர்த்துப் பின் அவற்றை இழந்தவர். இளைஞரின் பால்யம் பெரும்பாலும் ஒரிகனின் நடுப்பகுதியில், ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றில் கழிந்தது. சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழில் பயின்று 1936-ல் பட்டம் பெற்றார், நிருபராக உழைத்தார், யுத்தகாலத்தில் கடற்படையில் சேவை செய்தார். 1954-ல் காங்கிரஸ் தேர்தலில் நின்று தோற்றார். தோல்வி அவரை மூலையில் உட்கார்த்திவிடவில்லை. 1962-ல் டெலிவிஷனில் அவர் வெளியிட்ட ஒரு படம், வில்லாமெட் நதியில் ஆலைகளும் நகரங்களும் கலக்கும் கழிவுகளை ஜனங்களின் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்திற்று. அந்த நதியின் கதையே அவரை அரசியலின் உச்சிக்குக் கொண்டு சென்றதென்று கூறினும் மிகையாகாது.

1967-ம் வருஷம் ஜனவரியில் குடியரசுக் கட்சியின் சார்பில் அவர் கவர்னராகப் பதவியேற்றார். கடற்கரை மணல் பொதுஜனங்களுக்குரியது என்று அவ்வருஷமே சட்டம் பிறந்தது. காலிப் புட்டிகளைத் திருப்பிக் கொடுப்போருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும்படியான சட்டம் 1971-ல் நிறைவேறிற்று. எனினும் அவருடைய பெருங்காரியம் நிலத்தைப் பற்றியதே.

ஒரிகனின் ஜனத்தொகை 1960-ல் சுமார் 17 லட்சத்து 70 ஆயிரம். 1970-ல் சுமார் 20 லட்சத்து 90 ஆயிரம். வந்தவர்களில் பெரும்பாலோர் குடியேறியது வில்லாமெட் பள்ளத்தாக்கில். அம்மாகாணத்தின் மிகச் செழிப்பான மண்ணும் அங்கேதான் இருக்கிறது. பண்ணைகள் மனைகளாகத் துண்டாடப்பட்டன. ஒரு வீடு இங்கும் மற்றொன்று அங்குமாகச் சிதறின. ஒவ்வொரு நகரமும் ஜில்லாவும் நிலத்திட்டம் வகுக்கவேண்டுமென்று 1969-லேயே ஒரு சட்டம் இருந்தது. ஆனால், மீறுவோரைத் தட்டிக் கேட்க ஒருவருமில்லை. ஆகவே 1973-ம் வருஷம் ஜனவரியில் சட்டசபையின் தொடக்கத்தில் மக்கால் கடுமையாகவே பேசினார். பாலைநிலத்தில் மனை விற்போரையும், கடலோரத்தை மறைத்து மாளிகை எழுப்புவோரையும், பள்ளத்தாக்கின் விளைநிலத்தைச் சூறையாடுவோரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மசோதாவைக் கொண்டுசெலுத்தியவர்கள் இருவர்: பால்பண்ணை நடத்தும் குடியரசுக் கட்சி செனேட்டர் ஹெக்டர் மக்பெர்சன், போர்ட்லண்டு நகரத்து ஜனநாயகக் கட்சி செனேட்டர் டெட் ஹாலக். உழவரும் நகரவாசியும், எதிரெதிர்க் கட்சிக்காரரும், ஒரே மேஜையில் அமர்ந்தனர் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மே 29-ந் தேதி கவர்னர் கையொப்பமிட்டார்.

அச்சட்டத்தின்படி ஏழு அங்கத்தினர் கொண்ட கமிஷன் ஏற்பட்டது. ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு வளர்ச்சி எல்லை வகுத்துக்கொள்ள வேண்டுமென்பது அக்கமிஷனின் விதிகளில் ஒன்று. இருபது வருஷங்களில் எத்தனை குடிகள் வருவர், அவர்களுக்கு எத்தனை வீடு, தொழிற்சாலை, சாலை வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குப் போதிய நிலத்தை எல்லைக்குள் அடக்குவர். உள்ளே குடிநீரும் சாக்கடையும் சாலையும் செல்லும். வெளியே உழவும் வனமும் நிலைக்கும். தேவை நிரூபிக்கப்பட்டால் கோட்டைத் தள்ளிவைக்கவும் இடமுண்டு. போர்ட்லண்டு வட்டாரத்தின் எல்லை 1979-ல் வகுக்கப்பட்டது.

சட்டம் பிறந்துவிட்டால் போராட்டம் முடிந்தது என்று எண்ணுவோர் ஏமாறுவர். 1976-லும் 1978-லும் அதை அழிக்கும் பிரேரணைகள் ஜனங்களின் வாக்குக்கு வந்து தோற்றன. 1978-ல் மீண்டும் கவர்னராக முயன்ற மக்காலைச் சொந்தக் கட்சியாரே உள்தேர்தலில் நிராகரித்தனர். 1982-ல் மூன்றாம் தாக்குதல் வந்தது. மரத்தொழில் சரிந்து, வேலையின்மை மிகுந்த காலம். துன்பத்துக்கெல்லாம் நிலச்சட்டமே காரணம் என்றனர் எதிரிகள். மக்காலோ புற்றுநோயால் உயிரிழந்துகொண்டிருந்தார். பதவியுமில்லை, தேகபலமுமில்லை. அந்நிலையிலும் மேடையேறி, தம் மரணம் நெருங்கியதை மறைக்காமலே, சட்டத்துக்காக ஜனங்களிடம் வாதாடினார். நவம்பரில் பெரும்பான்மையோர் சட்டத்தின் பக்கம் நின்றனர். 1983-ம் வருஷம் ஜனவரி 8-ந் தேதி அவர் கண் மூடினார்.

எல்லைக்கோட்டுக்குக் குறையே இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. உள்ளே நிலம் விலையேறி ஏழைகளுக்கு வீடு எட்டாமற் போகிறதென்ற முறையீடு உண்டு. உழவர் சிலர் தம் சொத்தின் மதிப்புக் குறைந்ததென்று வருந்தினர். அவ்வருத்தத்தின் பலனாக, நஷ்டஈடு கொடு அல்லது தடையை நீக்கு என்னும் விதியை 2004-ல் ஜனங்கள் ஏற்றனர். 2007-ல் அவர்களே அதைச் சுருக்கினர். கோட்டைக் காலமறிந்து விரிக்கவும், உள்ளிருக்கும் நிலத்தில் எளியோருக்கு வீடு கட்டவும் தவறினால், வயலைக் காக்க எழுந்த வேலி செல்வர்களின் மதிலாகிவிடும் என்பதே நமது அபிப்பிராயம்.

போர்ட்லண்டில் வில்லாமெட் நதிக்கரையை அடைத்திருந்த பெருஞ்சாலை 1974-ல் மூடப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஆயினும் அவருடைய உண்மையான ஞாபகச்சின்னம், நகர் முடிந்தவுடன் தொடங்கும் அந்த விளைநிலமே. வரைபடத்தில் கோடு இழுக்க ஒரு நாள் போதும். அக்கோடு நிலைக்க, தலைமுறைதோறும் ஜனங்களிடம் சென்று அதற்காக வாதாடும் தொண்டர்கள் வேண்டும்.