இடையன்குடிக் கால்டுவெல் ஐயர்

இராபர்ட்டுக் கால்டுவெல் ஐயர் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்து தேசத்திற் பிறந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் பயின்று பட்டம் பெற்று, 1838-இல் சென்னைக் கரையில் வந்திறங்கினார். அங்கே தமிழ் கற்றபின், 1841-இல் தென்னாடு நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டு, வழியில் நீலகிரியிற் குருப்பட்டம் பெற்று, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார்.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கடலுக்கு அணித்தாய், செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர் அது. ஐயர் அங்கே நிலம் வாங்கி, நேரிய தெருக்கள் வகுத்து, பனையேறிப் பிழைக்கும் குடிகளின் மக்களுக்குப் பள்ளிகள் நிறுவினார். 1844-இல் நாகர்கோயில் மால்ட் ஐயரின் புதல்வியார் எலிசா அம்மையாரை மணந்தார். அம்மையார் தம் அன்னையார் நாகர்கோயிலிற் பரப்பிய லேஸ் பின்னலை இவ்வூர்ப் பெண்களுக்கும் கற்பித்தார். ஐயரின் நூல்களைப் போற்றுவார் பலர்; அம்மையார் கற்பித்த நூல்வேலையை நினைப்பார் சிலரே.

1849-இல் ஐயர் தம் சபையாருள் மிக்காராய சான்றோர் குலத்தாரைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதில் அவர்தம் குலத்தையும் அறிவையும் தாழ்த்தியுரைத்த பகுதிகள் உண்டு. அவர் நிறுவியவை போன்ற பள்ளிகளிற் கல்வி பெற்ற பின்தலைமுறையினர் அதனைப் படித்து மனம் புண்பட்டு, வெளிப்படையாகவே எதிர்த்தெழுதினர். ஐயர் முடிவில் அந்நூல் பரவாதபடி நிறுத்திக்கொண்டார். அவர் சரிதம் எழுதுவோர் இதனை ஒளித்தல் முறையன்று.

1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இலண்டனில் வெளிவந்தது. அதன் பெருமை யாவரும் அறிந்ததே. ஆயினும், காலடியில் கிடந்த மண்ணையும் அவர் ஒரு நூலாகவே கற்றார் என்பது பலர் அறியாதது. யவன ஆசிரியர் குறித்த கொற்கைத் துறை இன்று கடலினின்று விலகி உள்நாட்டில் நிற்கின்றது. தாமிரபருணி கொணர்ந்த வண்டலே கடலைப் பின்தள்ளிற்று என்று ஐயர் விளக்கினார். கொற்கையில் நிலத்தை அகழ்வித்து, மண்ணுள் கடற்சிப்பிகள் புதைந்திருத்தலைக் கண்டார். மார்க்கோ போலோ கூறிய காயலின் நிலத்திலோ சீனத்து மட்கல ஓடுகள் சிதறிக் கிடந்தன. இவ்வாராய்ச்சியின் பயன் 1877-இல் கட்டுரையாகவும், 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரமாகவும் வெளிவந்தது. தமது ஊர்க் குப்பைமேட்டையும் ஆராயத்தக்க பொருளாகக் கருதுதல் அக்காலத்து நம்மவர்க்குப் புதிது.

அதே 1877-இல் மார்ச்சு மாதம் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அது கொடும்பஞ்ச காலம். பசித்தோர்க்கு உதவி வழங்கும் பொறுப்பே புதிய அத்தியட்சர்க்கு முதற் சுமையாயிற்று. 1847-இல் கால்கொண்ட இடையன்குடி ஆலயமோ 1880 ஜூலையிலேதான் பிரதிஷ்டையாயிற்று. பலகணிகளின் வேலைப்பாட்டை உள்ளூர்க் கொத்தர்க்கு உணர்த்த ஐயர் களிமண்ணால் மாதிரி செய்து காட்டினார் என்பர்.

முதுமையில் நோயுற்றுக் கோடைக்கானலிற் சென்று தங்கி, 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள் தேகவியோகமானார். மலையினின்று அவருடலைக் கொணர்ந்து, அவ்வாலயத்துப் பலிபீடத்தின் அருகே அடக்கம் செய்தனர். 1899-இல் எலிசா அம்மையாரும் அவ்வூரிலேயே அடக்கம் பெற்றார்.