பூமி சுற்றுவதைக் கண்ணால் காட்டியவர்

அடையாற்றின் கரையில் உள்ள அனகாபுத்தூர், நெசவாளர்களுக்குப் பெயர் போன ஊர். தார் சுற்றும் ராட்டையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சின்னக் கதிர் பல சுற்று சுற்றிவிடும்.

அந்தச் சக்கரத்திலேயே அச்சின் பக்கம் ஒரு பொட்டும் விளிம்பில் ஒரு பொட்டும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை முடிக்கும். ஆனால் விளிம்புப் பொட்டு ஓடும் தூரம் அதிகம். ஆகவே அதன் வேகமும் அதிகம்.

பூமியும் அப்படித்தான். அனகாபுத்தூரும் பாரிஸ் நகரமும் ஒரே நாளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆனால் பூமியின் அச்சிலிருந்து அனகாபுத்தூர்தான் அதிக தூரம். அது மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர் ஓடுகிறது. பாரிஸ் சுமார் 1,100 கிலோமீட்டர்தான். இத்தனை வேகமும் யாருக்கும் தெரிவதில்லை. அதைத் தெரியும்படி செய்தவர் லியோன் பூக்கோ.

1819-ல் பாரிஸில் பிறந்தார். நோஞ்சான் பிள்ளை. பெரும்பாலும் வீட்டில்தான் படிப்பு. ஆனால் கைவேலையில் கெட்டிக்காரர். டாக்டருக்குப் படிக்கப் போனார்; ரத்தத்தைக் கண்டால் ஆகவில்லை, விட்டுவிட்டார். பிறகு பத்திரிகைக்கு விஞ்ஞானச் செய்தி எழுதினார். பெரிய கணிதப் படிப்பு இல்லாதவர் என்று பண்டிதர்கள் அவரை மதிக்கவில்லை.

1851 ஜனவரி. தம் வீட்டு நிலவறையில் 2 மீட்டர் கம்பியில் 5 கிலோ குண்டு ஒன்றைத் தொங்கவிட்டார். முதல் தடவை கம்பி அறுந்தது. அவர் விடவில்லை. 8-ந் தேதி, பின்னிரவு 2 மணி. ஆடிய குண்டின் பாதை மெல்ல மெல்லத் திரும்பியது! அதைத் திருப்ப யாரும் இல்லை. கீழே இருந்த தரைதான் திரும்பிக்கொண்டிருந்தது.

மார்ச்சில் பாந்தியோன் மண்டபத்தில், 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டு தொங்கியது. ஊரே திரண்டது. குண்டின் முள் மணலில் கீறிய கோடு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சற்று விலகுவதை ஜனங்கள் நேரில் கண்டார்கள்.

பாரிஸில் அந்தப் பாதை முழு வட்டம் திரும்ப ஏறக்குறைய 32 மணி நேரம். அனகாபுத்தூரில் தொங்கவிட்டால் சுமார் 106 மணி நேரம், அதாவது நாலரை நாள் ஆகும். பூமத்திய ரேகையில் திரும்பவே திரும்பாது.

மறு வருஷம் இன்னொரு கருவி செய்தார். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் விடாது அல்லவா? அந்த குணத்தை வைத்துச் செய்ததுதான் ஜைராஸ்கோப். பிற்காலத்தில் கப்பலுக்கும் விமானத்துக்கும் திசை காட்டியது அதன் வம்சமே. சுழலும் கண்ணாடி ஒன்றைக் கொண்டு 1862-ல் ஒளியின் வேகத்தையும் அளந்தார்: வினாடிக்கு 2,98,000 கிலோமீட்டர். இன்றைய கணக்குக்கு மிக நெருக்கம்.

பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் 1865-ல்தான் அவருக்கு இடம் தந்தது. இரண்டு வருஷத்தில் நோய் வந்தது. இத்தனையும் செய்த கைகள் மரத்தன; பேச்சு போயிற்று. 1868 பிப்ரவரி 11-ல் காலமானார். வயது 48.