பின்னாடி நிக்கிற பெரியவர்

யூடியூப்ல ‘எக்ஸ்பீரியன்ஸ் ஹெண்ட்ரிக்ஸ்’ டூர் வீடியோ ஏதாவது ஒண்ணைத் தேடிப் பாருங்க. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் நினைவாக அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன கச்சேரி அது. பட்டி கை, ஜோ சட்ரியானி, எரிக் ஜான்சன் என்று பெரிய பெரிய கிட்டார் கைகள் மாறி மாறி வந்து அவர் பாட்டுகளை வாசிப்பாங்க. நீங்க அவங்களை விட்டுட்டு, பேஸ் கிட்டாரோட அமைதியா நிக்கிற ஒரு பெரியவரைப் பாருங்க. அவர் பெயர் பில்லி காக்ஸ்.

ஜிமி பிறந்தது 1942 நவம்பர் 27, சியாட்டிலில். வீட்டில் வறுமை, அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். துடைப்பத்தையே கிட்டாரா நினைச்சு வாசிச்சுக்கிட்டுத் திரிஞ்ச பையன். அப்பாவோடு ஒரு வீட்டில் பழைய சாமான்களை அள்ளப் போனபோது ஒரு யுகுலேலே கிடைத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு கம்பி. அதிலேயே ரேடியோ பாட்டுகளைத் தேடித் தேடி வாசித்தார். 1958-ல் அம்மா இறந்தார். அதே வருஷம் 5 டாலருக்கு முதல் கிட்டார் வந்தது.

அவர் இடது கைக்காரர். வலது கை கிட்டாரையே தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். ஸ்ட்ராடோகாஸ்டரில் பிரிட்ஜ் பக்கத்து பிக்-அப் சாய்வாக இருக்கும். கிட்டாரைத் திருப்பினால் சாய்வும் திரும்பிவிடும். தடித்த கம்பிகள் கூர்மையாகவும் மெல்லிய கம்பிகள் கொஞ்சம் மென்மையாகவும் ஒலிக்கும். ஆம்ப்ளிஃபையரின் அலறலையும் அவர் விடவில்லை. ஸ்பீக்கர் சத்தம் கம்பியை அதிர வைக்கும், அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்கே போகும். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல பயந்து ஓடுற அதே பாசிட்டிவ் ஃபீட்பேக்தான். எங்கே நிற்பது, கிட்டாரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலேயே அதை அடக்கி ஆண்டார்.

திருட்டுக் காரில் போய் மாட்டியதால், ஜெயிலா ராணுவமா என்ற நிலை வந்தது. 1961-ல் ராணுவத்தில் சேர்ந்து பாராசூட் வீரர் ஆனார். கென்டக்கி பக்கம் ஃபோர்ட் கேம்பெல் முகாமில் ஒருநாள், ஜன்னல் வழியா வந்த கிட்டார் சத்தத்தைக் கேட்டு உள்ளே போனவர்தான் பில்லி காக்ஸ். அன்று தொடங்கியது நட்பு.

ராணுவத்தை விட்டு வந்தபின் லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்த வருஷங்கள். 1965-ல் கையில் 1 டாலரும், 1 சதவீத ராயல்டியும் என்று ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். (பிளேஸ்மென்ட் பேப்பர்ல படிக்காம கையெழுத்துப் போடுறவங்க கொஞ்சம் கவனிங்க.) 1966-ல் சாஸ் சாண்ட்லர் அவரை லண்டனுக்குக் கூட்டிப் போனார். 1967-ல் மான்டரேயில் கிட்டாருக்குத் தீ வைத்தார், அமெரிக்கா முழுக்கப் பெயர் தெரிந்தது. பழைய ஒப்பந்தமும் வழக்காகத் துரத்தி வந்தது.

1969-ல் ஜிமி கூப்பிட, பில்லி வந்தார். உட்ஸ்டாக்கின் கடைசிக் காலை, கூட்டத்தில் பாதிக்கு மேல் கிளம்பிவிட்டது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கத் தொடங்கி, நடுவில் கிட்டாரிலேயே குண்டு விழுகிற சத்தத்தை எழுப்பினார் அந்தப் பழைய பாராசூட் வீரர். அடுத்து இருவரும் பட்டி மைல்ஸோடு சேர்ந்து பதிவு செய்த ‘பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்’ ஆல்பம், அந்த 1 டாலர் வழக்கைத் தீர்க்கவே கொடுக்கப்பட்டது.

நியூயார்க்கில் சொந்த ஸ்டூடியோ 1970 ஆகஸ்டில்தான் திறந்தது. செப்டம்பர் ஐரோப்பியப் பயணத்தில் பில்லிக்கு உடம்பு முடியாமல் போக, அவர் ஊருக்குத் திரும்பினார். சில நாட்களில், செப்டம்பர் 18 அன்று, லண்டனில் ஜிமி இறந்தார். வயசு 27.

பாட்டுகளின் உரிமையை அப்பா அல் ஹெண்ட்ரிக்ஸ் வழக்காடி மீட்டது 1995-ல். அந்தக் குடும்ப நிறுவனம்தான் இந்த டூரை நடத்தியது. வீடியோவில் இன்னொரு தடவை பாருங்க. முன்னாடி கிட்டார்காரர் மாறிக்கொண்டே இருப்பார். பில்லி மட்டும் பழைய இடத்திலேயே நின்று, தன் பங்கை வாசித்துக்கொண்டிருப்பார்.