முள்ளை ஊசி ஆக்கியவர்

மழை பெய்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழிப்பார்கள். கப்பல் செய்து தெருத் தண்ணீரில் விடுவார்கள். வீட்டில் திட்டும் வாங்குவார்கள்.

அப்படித் திட்டு வாங்கிய ஒரு சிறுவனின் கதை இது.

அவன் பெயர் வேங்கடராமன். 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி திருச்சுழியில் பிறந்தான். அப்பா சுந்தரம் அய்யர் வக்கீல் தொழில் செய்தவர். தாயார் அழகம்மாள். வேங்கடராமனுக்கு சுமார் 6 வயது இருக்கும். அப்பாவின் பழைய வழக்குக் கட்டு ஒன்று அவன் கண்ணில் பட்டது. விடுவானா? கூட்டாளிகளோடு சேர்ந்து, தாள்களைக் கப்பல்களாக மடித்துத் தண்ணீரில் மிதக்க விட்டான்.

அப்பாவுக்கு வந்தது கோபம்! சிறுவன் வீட்டைவிட்டு நழுவி, ஊர்க் கோவிலில் அம்மன் சிலைக்குப் பின்னால் ஒளிந்து கொண்டான். வீட்டார் தேடித் தவித்தார்கள்.

இந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகம் போற்றிய ரமண மகரிஷி.

மிதப்பது ஏன்?

கப்பல் மிதப்பதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. களிமண்ணை உருட்டித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கி விடும். அதே மண்ணை மெல்லிய கிண்ணமாகச் செய்து மெதுவாக வையுங்கள். மிதக்கும். கிண்ணம் அகலமாக இருப்பதால் அதிகத் தண்ணீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு பலத்தோடு தண்ணீர் அதை மேலே தாங்குகிறது. பெரிய இரும்புக் கப்பல் மிதப்பதும் இப்படித்தான்.

காகிதக் கப்பல் சீக்கிரம் ஊறிப் போகும். அதன் வெளிப்புறத்தில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்து விடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் அப்பாவின் தாளைத் தொடாதீர்கள்!

மலைக்கு வந்தார்

1892-ல் தந்தை இறந்தார். வேங்கடராமன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். 1896-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந்தேதி, அண்ணன் தன் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொன்ன 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக் கொண்டு புறப்பட்டான். மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வீட்டிலேயே வைத்தான். ரெயிலிலும் கால்நடையாகவும் வந்து, செப்டம்பர் 1-ந்தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். அப்போது வயது 16. அதன் பிறகு அவர் அந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை.

மலைமேல் விரூபாட்சி குகையிலும், பிறகு கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். சொத்து என்று எதுவும் இல்லை. கோவணமும் துண்டும்தான்.

ஒருநாள் கோவணம் கிழிந்து விட்டது. ஊசி ஏது? நூல் ஏது? பிறரிடம் கேட்கவும் அவருக்கு விருப்பம் இல்லை. நீண்ட முள் ஒன்றை எடுத்தார். அதன் தடித்த முனையில் இன்னொரு சிறிய முள்ளால் துளை போட்டார். ஊசி தயார்! கிழிந்த துணியிலிருந்தே ஓர் இழையை உருவினார். நூலும் தயார்! தைத்துக் கட்டிக் கொண்டார்.

ஒரு தடியின் கதை

பலனை எதிர்பாராமல் வேலை செய்வது என்றால் என்ன? இப்படி ஒரு சந்தேகத்தோடு வேலூரிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். மகரிஷி பதில் சொல்லவில்லை. மலைப்பக்கம் நடந்தார். ஆசிரியரும் கூடப் போனார்.

வழியில் முள் நிறைந்த ஒரு கிளை கிடந்தது. மகரிஷி உட்கார்ந்து முட்களைச் சீவினார். கணுக்களைத் தேய்த்தார். சொரசொரப்பான ஓர் இலையால் நெடுநேரம் மெருகேற்றினார். பல மணி நேரம் போயிற்று. முள் கிளை அழகான கைத்தடி ஆனது.

அப்போது ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் தன் தடியைத் தொலைத்துவிட்டு அங்கே கலங்கி நின்றான். மகரிஷி புதுத் தடியை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். ஆசிரியருக்கு விடை கிடைத்து விட்டது!

கொட்டாங்கச்சி கிண்ணம்

1922-ம் ஆண்டு மே 19-ந்தேதி தாயார் காலமானார். அவரை அடக்கம் செய்த இடத்தில், மலையடிவாரத்தில், ரமணாசிரமம் எழுந்தது. நாடெங்கும் இருந்து ஜனங்கள் வந்தார்கள். அப்போதும் மகரிஷியின் கைகள் சும்மா இருக்கவில்லை. விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்குவார். சட்னி அரைப்பார். இலை தைப்பார். கீழே சிந்திய ஒரு கடுகையும் பொறுக்கி எடுத்து வைப்பார். கொட்டாங்கச்சியைத் தேய்த்துக் கிண்ணமும் கரண்டியும் செய்வார்.

நீங்களும் செய்யலாம். தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண்கள் இருக்கும். அது வேண்டாம், ஒழுகும். கண் இல்லாத பாதியை எடுங்கள். ஒருநாள் தண்ணீரில் ஊற வையுங்கள். நாரைச் சுரண்டுங்கள். விளிம்பைக் கல்லில் தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு செங்கல் பொடியும் தண்ணீரும் போட்டுத் தேயுங்கள். கடைசியாக உப்புத்தாள். நன்றாகக் காய்ந்ததும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடையுங்கள். பளபளவென்று மின்னும்!

மினுமினுப்பு எங்கிருந்து வந்தது? மேடுபள்ளமான பரப்பில் பட்ட வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். தேய்க்கத் தேய்க்க மேடுகள் குறைகின்றன. வெளிச்சம் ஒரே திசையில் திரும்புகிறது. அதுதான் பளபளப்பு. சொரசொரப்பானதில் தொடங்கி மிருதுவானதில் முடிக்க வேண்டும். அவசரப்பட்டால் கீறல் நிற்கும்.

தாள் திரும்ப வந்தது

மகரிஷி புத்தகங்களுக்குத் தாமே பைண்டு செய்வார். ஒரு பக்கம் வெறுமையாக உள்ள தாள் வந்தால் குப்பையில் போட மாட்டார். துண்டுகளைச் சேர்த்துத் தைத்துச் சிறிய நோட்டு ஆக்குவார். அதில் பொடி எழுத்தில் எழுதுவார். அப்பாவின் தாளைத் தண்ணீரில் விட்ட அதே கைகள்தான்!

1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி இரவு அவர் மறைந்தார். அவரைத் தேடி வந்த பெரியவர்கள் தத்துவம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கைகளே ஒரு பாடம்.

இன்று உங்கள் வீட்டில் சட்னிக்குத் தேங்காய் உடைத்தார்களா? அம்மாவிடம் சொல்லி, அந்தக் கொட்டாங்கச்சியை எடுத்து வையுங்கள்.